காதோரக் கூட்டம்

டக், டக். இருக்கேன் மக்கா, இருக்கேன், நீ பேசு. வாயத் தொறக்க முடியாது இப்ப. தளபதி மேடையில ஏறியாச்சு, நான் மூணாவது வரிசையில குதிகால ஒட்டி வச்சி, கையத் தொடையோட அமத்தி, நாடிய நிமித்திக்கிட்டு நிக்கேன், எவனாவது தூரத்துல நின்னு பாத்தாம்னா சவரிமுத்து எவ்வளவு ஒழுங்கான சிப்பாய்னு மெச்சிக்கிடுவான். உள்ள கடைவாய்ப் பல்லு மட்டும் கடிச்சிக்கிட்டே இருக்கு. பல்லக் கடிக்கக் கூடாதுன்னு படைச் சட்டத்துல இன்னும் எழுதல, எழுதிருவாவ, அதுக்கும் ஆளு இருக்கு. மாசிலாமணி என் காதுக்குள்ள பேசிட்டே இருக்கான். கால் அரிக்குதுங்கான். அடேய், மூச்சுக்காத்து அடைச்ச கவசத்துக்குள்ள கால் அரிச்சா எவன்ல சொறிவான், அதும் ஒரு பனிப்பிளவுக்குள்ள தலைகீழாச் சொருகிக் கெடக்கவனுக்கு. காலையில ரோந்து போன எடத்துல பனி வாயப் பொளந்து அவனைக் கவசத்தோட உள்ள இழுத்துட்டு. எட்டிப் பாத்தவனுக்கு அடி தெரியல. பிளவுக்கு எதுத்த மேட்டுல எதிராளியோட பீரங்கி உக்காந்திருக்கு, கயிறு போட எவன் போனாலும் அவனும் திரும்ப மாட்டான். மீட்க ஆள் அனுப்ப முடியாதுன்னு மேல இருந்து உத்தரவு வந்துட்டு. அவன் ரேடியோவையும் துண்டிச்சாச்சு. துண்டிச்சதா அவிய நெனச்சிட்டு இருக்காவ. முள்ளு செவப்புக்குப் போயிட்டு மக்கா, காத்து கொஞ்சந்தான் கெடக்குன்னு அவனே சொன்னான், என்னமோ ரசத்துல உப்பு கொறச்சல்னு சொல்லுத மாதிரி. டக், டக். கேட்டுட்டுதான்ல இருக்கேன், சொல்லு.

இதுதான் காதோரக் கூட்டம், வேற ஒரு மண்ணும் கெடையாது. வெளியில என்னென்னமோ பேசுதாவ. ரகசியச் சங்கமாம், ரத்தத்துல கையெழுத்தாம், தளபதியைக் கவுக்கச் சதியாம். கேட்டாச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும். சத்தியமும் கெடையாது சடங்கும் கெடையாது. பழுதாப்போன தலைக்கவசத்துல இருந்து நோண்டி எடுத்த ரேடியோத் துண்டு ஒண்ணு, அரிசி அளவுதான், அதைக் கடைவாய்ப் பல்லுல ஒட்டிக்கிடணும். பேசினா நம்ம பேச்சு போவும், பல்லக் கடிச்சா டக்குன்னு ஒரு சத்தம் போவும், அந்தப் பக்கத்துக்காரன் பேசுதது எலும்பு வழியா நம்ம காதுக்கு வந்து சேரும். கூட்டத்துல எவன் சாவக் கெடந்தாலும் அவனுக்குக் கடைசி வரைக்கும் ஒருத்தன் காதோரமா இருக்கணும், அம்புட்டுதான். அவன்கூடக் கடைசியா ஒக்காந்து தின்னவன் எவனோ அவனுக்கு மொறை. நேத்து நானும் மாசியும் ஒரே தட்டுல தின்னோம், அதனால இன்னைக்கு நான். காப்பாத்த ஆள் வருதுன்னு பொய் சொல்லக் கூடாது, போயிட்டு வா ராசான்னு ஒப்பாரியும் வைக்கக் கூடாது. சும்மா பேசணும், என்ன சமைச்சிருக்கு, எவன் எவன்கூடச் சண்டை, எவன் கொறட்டையில நாங்க குடியிருக்க கண்ணாடிக் கூண்டு அதிருது, இதுதான் பேச்சு. அதோட, நாம மொதல்ல நிறுத்தக் கூடாது. அந்தப் பக்கம் சத்தம் அடங்கினாலும் கொஞ்ச நேரம் பேசிக்கிட்டே இருக்கணும், காது எப்ப மூடும்னு எவனுக்குத் தெரியும். என்னை இதுல சேத்துவிட்டது தங்கபுஷ்பம் அக்கா, எங்க படைக்கு நர்ஸு. அந்தா மேடைக்குப் பக்கத்துல மெடல் தட்ட ஏந்திக்கிட்டு நிக்கா பாருங்க, வெளுத்த தலையும் வெறச்ச முதுகுமா, அவதான். ரேடியோவத் துண்டிக்கதுலயும் நியாயம் இருக்கும்பா அவ. முன்னால ஒருத்தன் ரேடியோவுல அழுததக் கேட்டுட்டு அவன் சேக்காளிமாரு சொல்லாமக் கொள்ளாம வெளிய ஓடி அவியளும் போய்ச் சேந்தாவ, அதுல வந்த சட்டம் இது. சரிதான், நியாயமாவே இருக்கட்டும். குழிக்குள்ள தனியாக் கெடக்கவனுக்கு அந்த நியாயம் பேச்சுத்துணைக்கு வருமா.

ஏல சவரி, அந்தக் கருவாடு, ஒனக்கு ஞாபகம் இருக்கா, அப்படிங்கான் மாசி. டக். இல்லாம இருக்குமா, எடுபட்ட பயலே. சரக்குக் கப்பல்ல வந்த எவனோ ஒரு மாலுமிகிட்டக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வந்துட்டான் இவன். வருசக்கணக்கா பாசியை அரைச்சுப் பிடிச்ச உருண்டை போட்ட கொழம்பையே தின்னு நாக்கு செத்துக் கெடந்தோம் எல்லாரும். காத்து அமுக்குற மெஷின் ரூமுக்குள்ள கூட்டம் கூடினோம், அங்கதான் சத்தத்துல பேசுதது வெளிய கேக்காது. ஒரு மேஜர் உண்டு அதுல, ஒரு கக்கூஸ் கழுவுறவனும் உண்டு, உள்ள நொழையும்போது பதவிப் பட்டையைக் கழட்டிப் பையில போட்டுறணும், அதுக்கப்புறம் எவனும் எவனையும் ஏல, போலன்னுதான் கூப்பிடணும். சூடான குழாய் மேல தகரத்த வச்சிக் கருவாட்டப் போட்டதுதான் தாமசம், வாசனை காத்துக்குழாய் வழியாக் கூண்டு பூராவும் போயி, எந்தத் தளத்துல எந்த மெஷினுக்குக் கருவாட்டு வாசனை தெரியும், விஷவாயுன்னு நெனச்சி அபாயச் சங்க ஊதிட்டு. மொத்தப் படையும் கவசத்த மாட்டிக்கிட்டு வெளிய பனியில போயி நின்னுது. தளபதியும் நின்னாரு. நாங்களும் ஒண்ணுந் தெரியாத பிள்ளைய மாதிரி அவருக்குப் பின்னால நின்னோம், வாய்க்குள்ள கருவாட்ட ஒதுக்கிக்கிட்டு. தலைக்கவசத்துக்குள்ள அந்த வாசனையோட நான் நின்ன நிலைய நெனச்சா, அய்யோ, இப்பவும் சிரிப்பு வருது, சிரிச்சிராதல சவரி, சிரிச்சிராத, ரெண்டு வரிசைக்கு முன்னால கேப்டன் நிக்கான். மாசி சிரிக்கான் காதுக்குள்ள. சிரிச்சி முடிச்சிட்டு மூச்சு வாங்குதான். அந்த மூச்சு எனக்குப் பிடிக்கல. கெணத்துக்குள்ள வாளி தட்டுத மாதிரி கேக்கு. சிரிக்காதல, காத்து செலவாவும்னு சொல்லணும்போல இருக்கு, பல்லுல அதுக்குச் சத்தம் கெடையாது. டக்குன்னா இருக்கேன், அதுக்கு மேல பல்லுக்கு என்ன தெரியும்.

தளபதி பேசுதாரு. வீரர்களே, இந்தப் படைக்குள் இன்னொரு படை இருக்கிறது என்று எனக்குத் தகவல் வந்திருக்கிறது, அப்படிங்காரு. ஒரு படைக்கு ஒரே குரல்தான் இருக்க முடியும், இனி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று யாராவது பிடிபட்டால் ஊருக்குத் திரும்பும் கப்பல் அவருக்குக் கிடையாது, பனிச்சுரங்கத்தில்தான் மிச்ச வாழ்க்கை. அந்த ஆளு ஒண்ணும் மோசமானவரு இல்ல, அதான் எனக்குக் கஷ்டம். மோசமானவரா இருந்தாத் திட்டிட்டுப் போயிரலாம். அவரு மவனும் இந்தப் பனியிலதான் எங்கயோ கெடக்கான், அவனுக்கும் ரேடியோவத் துண்டிச்சது இவரு கையாலதான்னு சொல்லிக்கிடுவாவ. எனக்கு அடுத்த கப்பலு. பொண்டாட்டி ஜெபக்கனிக்குச் சொல்லிட்டேன், வாரேன் கனி, இனி இந்தப் பூட்ஸு வேண்டாம்னு. அவ செருப்பு வாங்கி வச்சிருக்காளாம். அளவு மறந்துபோச்சுன்னு பெருசு ஒண்ணு சிறுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்கா, கட்டின புருசன் கால் அளவு மறந்துபோற அளவுக்கு நான் இங்க நின்னிருக்கேன். எந்தச் செருப்பு சேரும்னு வந்து பாத்துக்கிடலாம்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சிட்டு அழுதா. சுரங்கத்துக்குப் போனவன் எவனும் செருப்புப் போட்டதாத் தெரியல. சும்மா நில்லுல சவரி, வாய மூடிட்டு நில்லு, ஒனக்கு மட்டுமா இது. ஒருத்தன் வாயத் தொறந்தாப் போதும், அப்புறம் ஒவ்வொருத்தன் வாயையும் தொறந்து லைட் அடிச்சிப் பல்லுப் பல்லாப் பாப்பாவ. எல்லாத்தையும் பிடுங்கிருவாவ. நாளைக்கு இன்னொருத்தன் விழுவான், அவனுக்கு எவன் இருப்பான். அக்கா என்னைப் பாக்கா. தட்ட அசைக்காம, தலையத் திருப்பாம, கண்ண மட்டும் ஓரமாச் சாச்சிப் பாக்கா. அவளுக்கும் மாசி பேசுதது கேக்குது, அவ தாடையும் மெதுவா அசையுது. வாயத் தொறந்துராதங்கா. உடுப்பு மாத்துத ரூம்லயே சொல்லிட்டா, பல்லாலயே சமாளின்னு. சமாளிக்கேன்க்கா. சமாளிச்சிக்கிட்டுதான் நிக்கேன்.

மாசி பேச்சு நின்னுட்டு. டக், டக். என்னாச்சுல. டக், டக், டக். அப்பாடா, பேசுதான், ஆனா என்ன பேசுதான். ஏல சவரி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாத, அப்படிங்கான். கவசத்தச் சுத்திப் பனி இறுகுது மக்கா. இறுகும்போது டக்கு டக்குன்னு வெடிக்குது. ரொம்ப நேரமா நீதான் பல்லக் கடிக்கன்னு நெனச்சிக்கிட்டுப் பேசிட்டு இருக்கேன். இப்பப் பாத்தா ரெண்டும் ஒரே சத்தமாட்டு இருக்கு. நீதானாலே அது, இல்ல பனியா? அட எளவே. அட பாவி மக்கா. நான் கடிக்கேன், ஒரு தடவை, விட்டு ரெண்டு தடவை, தாளம் மாதிரிக் கடிக்கேன், பல்லு வேரோட வலிக்குது. பனி கூட அப்படித்தான் மக்கா வெடிக்குது, தாளம் மாதிரிங்கான். சமாளிக்கப் பாத்த அழகு இதுதான். அம்புட்டு மூளைய வச்சி இந்தக் கூட்டத்தக் கட்டினோம், பட்டையைக் கழட்டு, மெஷின் ரூம்ல பேசு, பல்லுல ஒட்டுன்னு, பனிக்கும் பல்லு உண்டுன்னு ஒருத்தனுக்கும் தோணலியே. இருமிப் பாப்போம். இருமினேன். கேப்டன் கழுத்த லேசாத் திருப்பினான். காதுக்குள்ள மாசி, யாரு இருமுதது, அப்படின்னு கேட்டான், எனக்கு உசுரு வந்துது. உடனே அவனே சொல்லிக்கிட்டான், இல்ல, நம்ம காத்துக்குழாய்தான் விக்குது, அதுவும் தீரப்போவுது. போச்சு. இருமலும் போச்சு. மயங்கி விழுந்துரலாமா. விழுந்தா அக்காவத்தான் கூப்பிடுவாவ, அவ என்னைத் தூக்கிட்டுப் போவா, உள்ள போயிப் பேசிரலாம். தூக்கிட்டுப் போவ எம்புட்டு நேரம் ஆவும். ஸ்ட்ரெச்சர் வரணும், கேப்டன் வந்து கண்ணத் தொறந்து பாக்கணும். அதுக்குள்ள அவன் தீந்துட்டாம்னா? தனியாக் கெடக்கோம்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாம்னா? அது பொய்யில்லியா. நான் இங்க இருக்கேன், அவன் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கிட்டு இருக்கேன், அப்படி இருந்தும் அவன் தனியாச் செத்தாம்னா அதுக்கு மேல ஒரு பொய் உண்டுமா. ஏல மாசி, பொறு, கொஞ்சம் பொறு, பேச்சு முடியட்டும், ஓடி வாரேன். பேச்சு முடிய மாட்டேங்கு. சேலம் மாம்பழம் மாதிரி மஞ்சளா ஒரு வெளக்கு மேடைக்கு மேல எரியுது, அதையே பாத்துக்கிட்டு நிக்கேன், கண்ணுல தண்ணி வருது, வெளக்கப் பாத்தா வரத்தான செய்யும்.

தளபதி பேரு வாசிக்காரு. இந்த மாதம் வீரமரணம் அடைந்தவர்கள். ஒவ்வொரு பேரா, நிறுத்தி நிறுத்தி, நல்லாத்தான் வாசிக்காரு, எந்தப் பேரையும் கடிச்சித் துப்பல. எல்லாத்துக்கும் கடைசியா, இன்று காலை, சிப்பாய் மாசிலாமணி, அப்படிங்காரு. காதுக்குள்ள சிப்பாய் மாசிலாமணி, எம்மா கால் அரிக்குதேங்கான். உசுரோட இருக்கவனுக்குப் பேரு வாசிச்சாச்சு. அவன் அங்க காலச் சொறிய முடியாமக் கெடக்கான், இங்க அவன் பேருக்குப் பின்னால மரணம்னு ஒரு சொல்லு ஒட்டியாச்சு. இவர்களுக்காக ஒரு நிமிட மௌனம், அப்படின்னு தொப்பியக் கழட்டினாரு. படை பூராவும் தொப்பியக் கழட்டிட்டு. நானும் கழட்டினேன், என் கையி என்னைக் கேக்காமலே கழட்டிட்டு. கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒரு பொட்டுச் சத்தம் இல்ல, மேல பனித்தூள் விழுதது கூடக் கேக்கும்போல. எல்லாரும் அவனுக்காகத்தான் வாய மூடியிருக்காவ, அவன் ஒருத்தன் மட்டும் பேசுதான். சத்தம் ரொம்பச் சின்னதா ஆயிட்டு. ஏல, யாராச்சும் இருக்கீயளா, அப்படிங்கான். நான் கடிச்சேன். பனிதான், அப்படின்னு அவனே சொல்லிக்கிட்டான், எனக்கில்ல, அவனுக்கே சொல்லிக்கிட்டான். அப்புறம் ஒரு சிரிப்பு மாதிரி ஒண்ணு. யாரும் இல்லன்னாலும் கேட்டு வைப்போம், இன்னைக்கு கேன்டீன்ல என்ன சாப்பாடுல? அம்மா தாயே. டக்குன்னு சொல்ல முடியாது இதுக்கு. பனிக்கும் தெரியாது குழாய்க்கும் தெரியாது, இன்னைக்கு என்ன சாப்பாடுன்னு எனக்குத்தான் தெரியும். அக்கா கண்ணால வேண்டாம்ங்கா. வேண்டாம் சவரி. நாளைக்கு விழப்போறவன நெனச்சிப் பாருங்கா. நெனச்சிப் பாக்கேன்க்கா, அவன் நாளைக்கு விழுவான், இவன் இப்ப விழுந்து கெடக்கான். கனி, பெரிய செருப்ப யாருக்காவது குடுத்துரு, சிறுசையும் குடுத்துரு, என்னை மன்னிச்சிரு தாயி. வாய் காஞ்சிபோயி நாக்கு மேல ஒட்டிக்கிட்டு, பிரிச்சி எடுத்தேன்.

"புளிக்கொழம்பு மக்கா" என்றேன். என் குரல் எனக்கே பெருசாக் கேட்டுது. "இன்னைக்கும் புளிக்கொழம்புதான்."

முன் வரிசையில தலையெல்லாம் திரும்புது. காதுக்குள்ள ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல. போயிட்டியால, ஒரு வார்த்தைக்கு முன்னால போயிட்டியா. அப்பொறமாட்டு ஒரு மூச்சு வந்துது, கெணத்தடியில இருந்து. "சவரி" என்றான். "இருக்கியால நீ."

"இருக்கேம்ல. எங்க போவேன்."

"எளவு... மறுபடியும் புளிக்கொழம்பா."

"மாசி, உப்பும் கூட" என்று மேடைப் பக்கத்துல இருந்து ஒரு சத்தம். அக்கா. மெடல் தட்ட ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கிட்டு, தளபதிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே, வாயத் தொறந்து பேசுதா. "வாயில வைக்க முடியாது இன்னைக்கு." கண்ணு ரெண்டும் ஒழுகுது அவளுக்கு, குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. அக்கா, வேண்டாம்னு நீதானக்கா சொன்ன. மாசி சிரிச்சான், நான் கேட்டேன், அது சிரிப்புதான், குழாய் இல்ல. "அப்பளம் உண்டால?" என்றான்.

தளபதி மேடைய விட்டு எறங்கி வாராரு. கேப்டன் என் தோளப் பிடிச்சிட்டான். தளபதி கையக் காட்டினாரு, பிடிய விட்டான். என் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னாரு, தொப்பி கையில, முடி கலைஞ்சி, கிட்டத்துல பாத்தா வயசான மனுசன்.

"யாரிடம் பேசுகிறாய்?"

"மாசிலாமணிகிட்ட சார்."

"அவன் இறந்துவிட்டான். இப்போதுதான் வாசித்தேன்."

"அப்பளம் உண்டான்னு கேக்கான் சார்."

சுரங்கத்துக்கு அனுப்புவாரு, அனுப்பட்டும், அது அவரு பாடு. எனக்கு அவருகூடப் பேச இப்ப நேரமில்ல. பொறுங்க சார்னு கையக் காட்டிட்டு நான் குனிஞ்சிக்கிட்டேன், குனிஞ்சாத்தான் அவன் மூச்சு கேக்குது, இல்ல, கேக்கல, கேக்குதுன்னு நெனச்சேன், டக்குங்குது, அது பனி. இப்ப அது பனிதான். நான் பல்லக் கடிக்கல, அக்காவும் கடிக்கல. நிறுத்தாதல சவரி, நாம மொதல்ல நிறுத்தக் கூடாது.

"அப்பளம் உண்டு மக்கா. ஆளுக்கு ரெண்டு. வழக்கம்போல ஒண்ணு நமுத்துப்போயிதான் இருக்கும், அதை அந்தச் சமையக்காரப் பயகிட்டக் கேட்டா நம்ம மேலயே எகிறுவான். ஏல, கேக்குதா. ஒன் பங்கு அப்பளத்த நான்தான் திங்கப்போறேன், பெறவு வந்து சண்டைக்கு நிக்காத. நமுத்ததையும் நானே தின்னுக்கிடுதேன்."